இரண்டாம் தண்ணீர்

நாங்க கை தட்டினோங்க. அதை முதல்லயே சொல்லிடறேன்.

குளத்துக்கரை மேல வரிசையா நின்னுக்கிட்டு, ஆளுக்கொரு போண்டாவைக் கையில வெச்சுக்கிட்டு, கொக்கு மீன் புடிக்கறதைப் பாத்துக் கை தட்டினோம். அத்தனை கொக்கு ஒண்ணா எறங்கி அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. குனியறதும் நிமிர்றதுமா, ஒவ்வொண்ணு வாயிலயும் ஒரு மீனு மின்னுச்சு. நடுக்குளத்துக் கருவேல மரத்துல குஞ்சுக கத்தற சத்தம் கரை வரைக்கும் கேட்டுச்சு.

"பாத்தியளாக்கா, தண்ணி வந்ததும் மீனு எப்படித் துள்ளுதுன்னு"ன்னான் இசக்கி. அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான்.

மீனு துள்ளலைங்க. மூச்சு முட்டி மேல வந்து வாயைப் பொளந்துட்டு இருந்துச்சு. அது கொக்குக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. போண்டாவைத் தின்னுட்டு, எண்ணெய்க் கையைத் தலையில தடவிட்டு, சந்தோஷமா ஊடு போய்ச் சேர்ந்தோம்.

போன வாரம் நான் பனியன் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்த கதையைப் படிச்சுட்டு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுதுன்னு சில பேர் சொன்னாங்க. இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் கம்மிதான். கோவிச்சுக்காதீங்க.

கொக்கு டீம்

இசக்கி அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். எங்க கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்தவன், திருப்பூருக்கு வந்த புதுசுல, ஞாயித்துக்கிழமை துணி தொவைக்க ஆறு எந்தப் பக்கம்னு கேட்டுட்டான். மொத்த லைனும் மிஷினை நிறுத்திட்டுச் சிரிச்சுது. சாயம் ஓடற நொய்யல் ஆத்துல தொவைச்சா வெள்ளைச் சட்டை என்ன கலர்ல திரும்பி வரும்னு பந்தயமே கட்டினாங்க. பாவம், மூஞ்சி சுண்டிப் போச்சு அவனுக்கு.

கடைசியில யாரோ பாவப்பட்டுக் கருவங்குளத்தைக் காட்டி உட்டாங்க. ஊத்துக்குளி போற பக்கம், ஆத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த சின்னக் குளம். தொவைக்கப் போனவன் தொவைக்காம கொக்கைப் பாத்துட்டு உக்காந்துட்டான். அடுத்த வாரம் ரூம்ல கூட இருந்த பசங்களைக் கூட்டிட்டுப் போனான். அதுக்கடுத்த வாரம் செக்கிங்ல இருந்த பொண்ணுக. இப்படியே சேர்ந்த கூட்டத்துக்கு அவன் 'பசுமை'ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு பேரு வெச்சான். ஊரு அதையெல்லாம் மதிக்கல. கொக்கு டீம்னு கூப்பிட்டுது.

நான் சாம்பிள் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். டீமுக்கு டீ-சர்ட் வேணும்னு எங்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சான். ரிஜெக்ட் ஆன பீஸுல ஒரு மூட்டை குடுத்தேன். எவனோ வெளிநாட்டுக்காரன் பாஷையில முதுகுல என்னமோ எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கிட்டு அத்தனை பேரும் கரையில பிளாஸ்டிக் பொறுக்கினாங்க. அதை வேடிக்கை பாக்கப் போனவதான் நானும். அப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் என்னால ஊட்ல உக்கார முடியல.

எங்க ஒருத்தருக்கும் பறவை பேரெல்லாம் தெரியாது. கொக்குல சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு தினுசு இருக்கும். நாங்க அதை எஸ், எம், எக்ஸெல்னு சொல்லுவோம். "யக்கா, இன்னிக்கு எக்ஸெல் ஸ்டாக் கொறைவா இருக்கு"ம்பான் இசக்கி. மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைக எங்களைப் பாத்து, இதுகளுக்கு வேற வேலையில்லையான்னு கேட்டுட்டே போகும். வேலைதான் வாரம் பூரா இருக்குதே, ஒண்ணரை ஷிப்ட்டு!

நாங்க பெருசா ஒண்ணும் சாதிச்சுடலைங்க. உண்டிவில்லுல கொக்கு அடிச்சு வறுத்துத் தின்னுட்டு இருந்த ஒரு கோஷ்டியை, சண்டை போடாம, இனிமே காவல் உங்க பொறுப்புன்னு சொல்லி டீம்லயே சேத்துக்கிட்டான் இசக்கி. காவல்காரன்னு பேரு வந்ததும் அவனுக உண்டிவில்லைத் தூக்கிப் போட்டுட்டாங்க. ஒரு தடவை டவுன்ல இருந்து ஒரு சங்கத்துக்காரங்க பேனர், சால்வை, போட்டோகிராபர் எல்லாம் கூட்டிட்டு வந்து மரம் நட்டாங்க. குழி நாங்க தோண்டினோம், போட்டோவுல அவங்க நின்னாங்க. செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் ஒருத்தரும் திரும்பி வரல. எரிச்சலா வருமா வராதா சொல்லுங்க.

அடைஞ்ச வாய்க்கால்

கருவங்குளம் எப்படித் தப்பிச்சுதுன்னு சொல்லணும். அது தெரியாட்டி இந்தக் கதையே புரியாது.

ஆத்துல இருந்து குளத்துக்கு ஒரு வாய்க்கால் உண்டு. பல வருஷமா மண்ணு மூடி, முள்ளு மண்டிக் கெடந்துச்சு. அதனால ஆத்துத் தண்ணி குளத்துக்கு வர்றதே இல்ல. சுத்தியிருக்கற மானாவாரிக் காட்டுல பேயற மழைத்தண்ணி மட்டும் வழிஞ்சு வந்து நிக்கும். கொஞ்சமாத்தான் நிக்கும், ஆனா நல்ல தண்ணி. சுத்து வட்டாரத்துல ஆத்துத் தண்ணி போன குளமெல்லாம் சாயக் குளம் ஆயிப்போச்சு. யாரும் கவனிக்காம உட்டதுனால இது பொழைச்சுக் கெடந்துச்சு.

இந்த இடத்துல எங்க ஊட்டுக் கதையையும் ஒரு வாய் சொல்லிடறேன். எங்கப்பாவுக்கு ஆத்தை ஒட்டித் தென்னந்தோப்பு இருந்துச்சு. நான் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தப்ப ஒரு நாளு எளநி வெட்டிக் குடுத்தாரு. ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிட்டேன். சாயப்பட்டறைத் தண்ணி மண்ணுல எறங்கி, எளநியே உப்புக் கரிச்சுது. அவரு எங்கையில இருந்து வாங்கிக் குடிச்சுப் பாத்துட்டு மிச்சத்தை மரத்தடியிலயே ஊத்திட்டாரு. அந்தத் தோப்பை வித்த காசுலதான் நாங்க டவுனுக்கு வந்தோம். அதே மாதிரி தோப்பை வித்த எங்க பெரியப்பா என்ன பண்ணினாரு தெரியுமுங்களா? சாயப்பட்டறை போட்டாரு. எங்க குடும்பத்துல ரெண்டு பக்கமும் இருக்குதுங்க. யாரைத் திட்டினாலும் எச்சி எங்க மேலயேதான் உழும்.

சரி, குளத்துக்கு வர்றேன். அந்த வருஷம் ஆவணியில காட்டுல மட்டும் நல்ல மழை, ஆத்துல வெள்ளம் வரல. பாதிக் குளம் நெறைஞ்சு, கொக்கும் பேரு தெரியாத கருப்புப் பறவைகளும் நடுக்குளத்து மரத்துல கூடு கட்டுச்சு. அப்புறம் மழையே இல்ல. குஞ்சு பொரிச்ச நேரத்துல தண்ணி வத்திப் போயி, கரையோரப் பள்ளத்துல மட்டும் கொஞ்சம் தண்ணியும் மீனும் மிஞ்சி, மரத்தடியில சேறு தெரிஞ்சுது. நாய்க சேத்துல நடந்தே மரத்துக்கிட்டப் போக ஆரம்பிச்சுதுக. கூட்டுல இருந்து தவறி உழுந்த குஞ்சு எதுவும் தப்பல. சேத்துல வெறும் ரெக்கை கெடக்கும். செக்கிங்ல இருந்த மெர்சின்னு ஒரு நாசரேத்துப் பொண்ணு அதைப் பாத்துட்டு அன்னிக்குச் சோறே திங்கல.

தண்ணி வந்தாத்தான் குஞ்சுக பொழைக்கும். தண்ணி வரணும்னா வாய்க்காலை வெட்டணும். வாய்க்கால் தங்கமணி அக்கா காட்டு ஓரமாத்தான் வந்துச்சு.

தங்கமணி அக்காவின் கெணறு

தங்கமணி அக்கா குளத்துக்குத் தென்புறம் குடியிருந்தாங்க. ஊட்டுக்காரர் தவறிப் போயிட்டாரு, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. நாலு மாடு, கொஞ்சம் காடு, ஒரு கெணறு, அவ்வளவுதான் அவங்க சொத்து. பாலை ஊத்துக்குளி வெண்ணெய்க்காரர் வந்து எடுத்துட்டுப் போவாரு. எங்க பசங்களை எல்லாம் சாமி, கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு கடுஞ்சொல் வராது அந்த வாயில. எனக்கு நேர் எதிர்.

நானும் இசக்கியும் போயிக் கேட்டப்ப அவங்க உடனே தலையாட்டல. "வாய்க்கால் அடைஞ்சு கெடக்கறதுனாலதான் சாமி எங்கெணறு இன்னும் நல்லாருக்குது. அது கெட்டுப் போச்சுன்னா நானும் மாடும் எங்க போறது?"ன்னாங்க.

நெசந்தானுங்க. குளத்துல நிக்கற தண்ணிதான் அந்தக் கெணத்துக்கு ஊத்து. குளம் கெட்டா கெணறு கெடும். எங்களுக்கு வேண்டாம்னு நான் அப்பவே திரும்பிட்டேன். ஆனா அவங்களுக்கே மனசு கேக்கல. தெனமும் விடியக்காத்தால நாய் குஞ்சைக் கவ்விட்டுப் போறதைப் பாக்கறது அவங்கதானே. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே வந்து, ஒரு வழி இருக்குது, ஆனா சொன்னபடி கேக்கோணும்னாங்க.

வழி இதுதான். நொய்யல்ல எப்பவும் தண்ணி ஓடாது, சாயத்தண்ணிதான் ஓடும். மழை பேஞ்சு வெள்ளம் வந்தா, தொட்டியில தேக்கி வெச்ச சாயத்தையெல்லாம் பட்டறைக்காரங்க அதுல தொறந்து உட்டுடுவாங்க. வெள்ளத்தோட வெள்ளமாப் போயிடும், கேக்க ஆளிருக்காது. ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். அதனால வருஷத்து மொதத் தண்ணி பூராவும் வெஷம். அது போயி, அடுத்து வர்ற ரெண்டாம் தண்ணி கழுவி உட்ட தண்ணி. ஆத்தோரத்துச் சனம் பல வருஷமா இந்தக் கணக்குலதான் பொழைச்சுது. மொதத் தண்ணி வந்தா மாட்டைக் கூட ஆத்துப் பக்கம் உட மாட்டாங்க.

"மொதத் தண்ணிய உட்டுப் போடோணும். ரெண்டாம் தண்ணிதான் நம்முளுது"ன்னாங்க தங்கமணி அக்கா.

இசக்கி அவங்க கையைப் புடிச்சுக்கிட்டான். "ஒங்க கெணத்துக்கு ஒண்ணும் வராதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு"ன்னான்.

அப்புறம் பாக்கணும் எங்க ஆளுகளை. மம்மட்டி புடிச்சு அறியாத கைக. கட்டிங் மாஸ்டரு, அயர்ன் மாஸ்டரு, துணி மடிக்கற கைமடிப்புப் பொண்ணுக, காலேஜ் பசங்க, ஞாயித்துக்கிழமைன்னா வந்து நின்னுடுவாங்க. பீகார்ல இருந்து வந்த ரெண்டு பசங்க, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, எங்க எல்லாரையும் விட வேகமா வெட்டினாங்க. பக்கத்துக் காட்டுக்காரங்க முதல்ல மொறைச்சாங்க, அப்புறம் அவங்களே முள்ளு வெட்ட வந்தாங்க. வாய்க்கால் வாயில மணல் மூட்டை அடுக்கிப் பலமா அடைச்சோம். காவலுக்கு ஷிப்ட்டு போட்டோம். அத்தனை பேர் ஒண்ணா ஒரு காரியத்துக்கு நின்னதைப் பாத்து, எனக்கு ஊரு மேல ஒரு நம்பிக்கையே வந்துடுச்சு. 

தீபாவளித் தண்ணி

தீபாவளி வந்துச்சுங்க.

திருப்பூர்க்காரங்களுக்கு அது என்னன்னு சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். போனஸ் குடுத்த அன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல கால் வெக்க எடமிருக்காது. தெக்கத்திச் சனம் பூராவும் மூட்டையைத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்பிடும். மறுநாள் டவுனு காலி. ஒரு வாரம், பத்து நாள் கம்பெனிக்கெல்லாம் பூட்டு. மிஷின் சத்தம் நின்னு போயி, காக்கா கத்தறது கூடத் தெளிவாக் கேக்கும். காத்துல எப்பவும் இருக்கற அந்தச் சாய மருந்து வாசமும் போயிடும். வருஷத்துல அப்பத்தான் எங்க மூக்குக்கு லீவு.

அந்த லீவுலதான் மழை புடிச்சுது. ராத்திரி பூராப் பேஞ்சு, விடிஞ்சப்ப ஆத்துல வெள்ளம். இசக்கி ஊர்ல இருந்தான். எங்க டீம்ல பாதிக்கு மேல ஊர்லதான். நானும் தங்கமணி அக்காவும் கொடையைப் புடிச்சுட்டு வாய்க்கால் வாயில போயி நின்னோம்.

நல்ல செம்மண் தண்ணி. நுரையில்ல. புது மண்ணு வாசம் மட்டும்தான் வந்துச்சு. மணல் மூட்டையில முட்டி முட்டித் திரும்பிப் போச்சு.

இசக்கிக்குப் போன் போட்டேன். வெள்ளம் வந்துடுச்சுன்னதும் அவன் கெஞ்ச ஆரம்பிச்சுட்டான். அவங்க ஊர்ல புது வெள்ளம் வந்தா மஞ்சளும் பூவும் போட்டுக் கும்புட்டு, வாய்க்காலைத் தொறந்து வயலுக்குள்ள கூப்பிட்டுப் போவாங்களாம். வாசலுக்கு வந்த தண்ணியைத் திருப்பி அனுப்பற வழக்கமே கெடையாதாம். "எங்க ஊர்ல அதைப் பாவம்னு சொல்லுவாவக்கா. தொறந்துருங்கக்கா"ன்னான்.

நான் போனைத் தங்கமணி அக்காகிட்டக் குடுத்தேன். அவங்க பொறுமையா, "இல்லீங் கண்ணு, இது மொதத் தண்ணி. பாக்க நல்லாத்தான் இருக்கும். நம்பிக் கெட்டவங்க நெறைய"ன்னு எடுத்துச் சொன்னாங்க. அவன், ஒங்க ஊரு ஆறு ஒங்களுக்குத்தான தெரியும்னு ஒத்துக்கிட்டான். வாக்குக் குடுத்தவனாச்சே.

அந்தத் தண்ணி மூணு நாள் ஓடுச்சு. நாங்க ஒரு சொட்டு எடுக்கல. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம்னு பெருமையா இருந்துச்சு.

லீவு முடிஞ்சுது. பஸ் பஸ்ஸா சனம் திரும்பி வந்துச்சு, மிஷின் ஓடுச்சு, காத்துல பழைய வாசம் ஏறுச்சு. குளத்துல சேறு இன்னும் காய்ஞ்சு, நாய்க நேரா மரத்தடிக்கே போயிப் படுத்துக்குச்சு. அடுத்த வாரத்துல மறுபடியும் நல்ல மழை. வெள்ளம் வந்துச்சுன்னு காவலுக்கு நின்னவன் கம்பெனிக்கு ஓடி வந்து சொன்னான். அரை ஷிப்ட்டு லீவு சொல்லிட்டு எல்லாரும் ஓடினோம்.

தங்கமணி அக்கா எங்களுக்கு முன்னாடியே தேங்காய் பழத்தோட வந்து நின்னாங்க. "இது நம்ம தண்ணி. தொறங்க சாமி"ன்னாங்க. இசக்கி மஞ்சத்தூளும் சாமந்திப் பூவும் தூவிட்டு, மொத மூட்டையை அவன் கையாலயே தூக்கினான். தண்ணி சீறிக்கிட்டு உள்ள போச்சு. பசங்க வாய்க்கால் கரையிலயே தண்ணியோட ஓடினாங்க.

கலரைப் பாக்கலையான்னு கேப்பீங்க. செவப்பு, பச்சைன்னு ஓடற மாதிரிப் பத்திரிகைக்காரங்க எழுதுவாங்க, அப்படியெல்லாம் இல்லைங்க. எல்லாச் சாயமும் கலந்தா டீத்தூள் கலருதான் வரும். வெள்ளமும் அதே கலருதான். வாசமும் புடிபடல, ஊரே அந்த வாசத்துலதான் இருந்துச்சு. கொஞ்சம் நுரை வந்துச்சு. வெள்ளம்னா நுரைக்கத்தானே செய்யும்னு மெர்சி சொன்னா, நானும் ஆமான்னேன்.

மறுநாள் மரத்தைச் சுத்தித் தண்ணி நின்னுச்சு. நாய்க கரையில நின்னு கொலைச்சுட்டுத் திரும்பிப் போச்சுக. மதியத்துக்கு மேல கொக்குக் கூட்டம் எறங்குச்சு. அப்பத்தான் நாங்க போண்டாவும் கையுமா நின்னு கை தட்டினது.

வாயைப் பொளந்த மீனு

அடுத்த நாள் காலையில குளம் பூரா வெள்ளையா இருந்துச்சு. கெளுத்தி, கெண்டை, விரால், குஞ்சு குளுவான் எல்லாமே வயித்தைக் காட்டிட்டு மெதந்துச்சு. ஒரு நாத்தம் வந்துச்சு பாருங்க, இன்னிக்கும் மீன் மார்க்கெட் பக்கம் நான் போறதில்ல.

பெரிய கொக்குக அன்னிக்குப் பொழுதோட பறந்து போச்சு. சிலது பறக்கவும் முடியாமக் கரையில நின்னுட்டே இருந்துச்சு, கிட்டப் போனாலும் நகரல. கூட்டுல குஞ்சுக கத்துச்சு. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். பசங்க நெஞ்சளவு தண்ணியில எறங்கி மரத்துக்கிட்டப் போயி, உசுரோட இருந்த குஞ்சுகளைக் கூடையில எடுத்துட்டு வந்தாங்க. பசங்களுக்குக் காலெல்லாம் கொப்புளம். குஞ்சுகளுக்கு என்ன குடுக்கறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இட்லியை ஊட்டிப் பாத்தா மெர்சி. ஒண்ணு கூடப் பொழைக்கல.

அந்த வாரம் வாய்க்காலை மறுபடி மூடினோம். வெட்டின அதே ஆளுக, வெட்டின அதே மண்ணை அள்ளிப் போட்டோம். மனுக் குடுத்தோம். ஆபீசர் ஒருத்தர் வந்தாரு, பாட்டில்ல தண்ணி மோந்துட்டுப் போனாரு, அந்தப் பாட்டில் எங்க போச்சோ. கோர்ட்டு கேஸு, சாயப்பட்டறைக்கெல்லாம் பூட்டு, எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்துச்சு. கருவங்குளத்துக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்ல.

ரெண்டாம் தண்ணி எப்படிக் கெட்டுதுன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. அடுத்த முகூர்த்தத்துல சொந்தத்துல ஒரு ஒறம்பரைக் கல்யாணம். பந்தியில எம்பக்கத்துல எங்க பெரியப்பா மகன் மூர்த்தி உக்காந்திருந்தான். பட்டறையை அப்ப அவன்தான் பாத்துக்கிட்டான். நான் சும்மா பேச்சுவாக்குல கேட்டேன். அவன் ரசத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சொன்னான்.

"தீபாவளி லீவுல தொறந்து உட யாரு இருக்கா? வாட்ச்மேன் கூட ஊருக்குப் போயிட்டான். லீவு முடிஞ்சு வந்த மழைக்குத்தான் எல்லாரும் உட்டோம். இந்த வருஷம் அதுதான் மொதத் தண்ணி."

கைச்சோறு கையிலயே நின்னு போச்சு எனக்கு. நாங்க திருப்பி அனுப்பினமே, அதுதான் அந்த வருஷத்து நல்ல தண்ணி. லீவு போட்ட ஊர்ல ஓடின சுத்தமான தண்ணி. மூணு நாள் வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுப் போச்சு. ஊர் ஊரா ஆள் கெளம்பிப் போனதைப் பாத்தோம், பூட்டுன கேட்டைப் பாத்தோம், காத்துல வாசம் போனதைக் கூடப் பேசிக்கிட்டோம். ஒருத்தருக்காவது தோணுச்சா? நாசமாப் போனவங்களே, பாவிகளேன்னு பந்தியிலயே கத்தினேன். யாரைத் திட்டினேன்னு எனக்கே தெரியல. மூர்த்தி முழிச்சான். எங்கம்மா எங்கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க.

நல்லாத்தான் இருக்குதுங்க

கெணறு என்னாச்சுன்னு கேட்டுத்தானே இவ்வளவு நேரம் படிச்சுட்டு வர்றீங்க. நாங்களும் அதைத்தான் கேட்டுட்டே இருந்தோம்.

குளம் செத்த பின்னாடியும் இசக்கி ஞாயித்துக்கிழமை தவறாம அங்க போனான். சில நாள் நானும் கூடப் போவேன். போனதும் அவன் கேக்கற மொத வார்த்தை, "யக்கா, கெணறு எப்படி இருக்கு?"ங்கறதுதான். தங்கமணி அக்கா சிரிச்சுக்கிட்டே, "நல்லாத்தான் இருக்குது சாமி, அதுக்கென்ன"ம்பாங்க. உள்ள போயி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. குடிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கும். இசக்கி மூஞ்சியில அப்பத்தான் கொஞ்சம் உசுரு வரும். கெணறாவது தப்பிச்சுதேன்னு எங்கிட்ட வழி பூராச் சொல்லிட்டு வருவான். அந்த ஒண்ணைப் புடிச்சுட்டுத்தான் அவன் வேலைக்கே போயிட்டு இருந்தான்.

மாசி மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை கம்பெனியில கரண்டு போயி, மதியமே உட்டுட்டாங்க. சும்மா போயிட்டு வரலாம்னு ரெண்டு பேரும் போனோம். நாங்க சனிக்கிழமை போனதே இல்ல.

அக்கா ஊட்டு முன்னாடி தண்ணி லாரி நின்னுட்டு இருந்துச்சு. லாரிக்காரன் ஹோஸைப் புடிச்சு மாட்டுத் தொட்டிக்கு ஊத்திட்டு இருந்தான். கட்டுத்தரையில ஒரே ஒரு மாடு நின்னுச்சு. மத்த மூணையும் காணோம். அக்கா குடத்தை நீட்டி லாரித் தண்ணியைப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பாத்ததும் குடத்தை மறைக்கற மாதிரி முன்னாடி வந்து நின்னாங்க.

"வாங்க சாமி, வாங்க. இன்னிக்கு லீவுங்களா?"ன்னாங்க.

இசக்கி நேராக் கெணத்துக்குப் போனான். வாளியைப் போட்டுச் சேந்தினான். தண்ணி பாக்கறதுக்குத் தெளிவாத்தான் இருந்துச்சு. அக்கா பின்னாடியே ஓடி வந்தாங்க. "அது மேலு கழுவறதுக்கு வெச்சிருக்கறதுங் கண்ணு, அதை வையி"ன்னாங்க. அவன் வாளியைத் தூக்கி அப்படியே வாயில சாச்சுக்கிட்டான்.

"துப்பு சாமி. துப்பிடு கண்ணு."

அவன் துப்பல. தொண்டை ஏறி ஏறி எறங்குச்சு. குடிச்சுட்டே இருந்தான். அக்கா வாளியைப் புடுங்கிக் கீழ எறிஞ்சாங்க. அவன் வாயைத் தொடைச்சுக்கிட்டு அவங்களைப் பாத்தான்.

"உப்பா இருக்குக்கா"ன்னான்.

அக்கா முந்தானையால அவன் மூஞ்சியைத் தொடைச்சு உட்டாங்க.  "ஆமா சாமி"ன்னாங்க. "கார்த்திகையிலயே போச்சு."

நான் அழுதேன். அவங்க ரெண்டு பேரும் அழல. கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா லாரித் தண்ணியில டீ வெச்சுக் குடுத்தாங்க, குடிச்சோம். அதுக்கப்புறம் அவன் கெணத்தைப் பத்திக் கேக்கறதை உட்டுட்டான்.